கடைசித் தேதி முடிந்த பிறகு டெல்லியில் பேப்பர் மாற்றுவது எப்படி

ஆகஸ்ட் கடைசி ஆனால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, ஜிஇ தப்பாப் போட்டுட்டேன், போர்ட்டல மூடிட்டாங்க, இப்ப என்ன பண்றது?" ஜிஇ என்பது வேறு துறையிலிருந்து எடுக்கும் பாடம், இந்த மாதிரிப் பேப்பர்களைக் கடைசித் தேதிக்குள் போர்ட்டலில் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரோ கொடுத்த நம்பர், ஊர் திருநெல்வேலியாக இருக்கும், இல்லையென்றால் திருவண்ணாமலை, டெல்லிக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும், கமலா நகர் பிஜி விடுதியின் ராஜ்மா இன்னும் வயிற்றுக்குப் பழகியிருக்காது. நான் 2022-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவன். க்யூட் என்கிற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து இளங்கலைச் சேர்க்கை நடந்த முதல் வருடம் அது, புதிய பாடத்திட்டம் வந்த முதல் வருடமும் அதுதான், எங்களுக்கு வகுப்பே நவம்பர் 2-ம் தேதிதான் தொடங்கியது. எங்கள் செட்டை வைத்துத்தான் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். அப்போது நான் பட்ட பாட்டை போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிடுகிறேன், இனி கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம்.

முதலில் நீங்கள் எதை மாற்றப் போகிறீர்கள் என்று தெளிவாக இருங்கள். "டைம்டேபிள் மாத்தணும்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு ஆபீஸுக்குப் போனால் அங்கே இருப்பவர் உங்களை வேறு ஜன்னலுக்கு அனுப்புவார், அந்த ஜன்னல் இன்னொரு ஜன்னலுக்கு அனுப்பும்.

ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட். முதல் வருடத்தில் அதில் மூன்று டிஎஸ்சி, அதாவது உங்கள் ஆனர்ஸ் பாடத்தின் மையப் பேப்பர்கள், ஒவ்வொன்றும் 4 கிரெடிட். இவற்றை மாற்ற முடியாது, அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அதை மாற்றுவது என்றால் பட்டப்படிப்பையே மாற்றுவது, அது சேர்க்கை காலத்தோடு முடிந்துபோன விஷயம். மிச்சம் இருப்பது வேறு துறையிலிருந்து எடுக்கும் ஜிஇ, அது 4 கிரெடிட். அப்புறம் மொழி அல்லது சுற்றுச்சூழல் பாடமான ஏஇசி, திறன் பாடமான எஸ்இசி, விஏசி என்கிற மதிப்புக்கூட்டுப் பாடம், மூன்றும் தலா 2 கிரெடிட். கடைசித் தேதிக்குப் பிறகு நடக்கிற சண்டை முழுக்க இந்த நான்கில்தான்.

இதிலும் இரண்டு வகை. பேப்பர் அதேதான், செக்ஷனோ டுடோரியல் குரூப்போ மட்டும் மாற வேண்டும் என்றால் அது சின்ன வேலை. உங்கள் துறையின் டிஐசி, அதாவது டீச்சர் இன் சார்ஜ், நம் ஊர் கணக்கில் துறைத்தலைவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவரும் டைம்டேபிள் பார்க்கும் ஆசிரியரும் சம்மதித்தால் இரண்டு நாளில் முடியும், போர்ட்டலைத் தொடவே வேண்டியிருக்காது. பேப்பரே மாற வேண்டும் என்றால்தான் கீழே சொல்லும் அலைச்சல்.

போர்ட்டல் மூடிவிட்டது என்றால் எல்லாம் முடிந்தது என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டு அழுதுகொண்டே அந்த வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறார்கள். போர்ட்டல் மூடிய பிறகு விஷயம் ஆட்கள் கைக்குப் போகிறது, அவ்வளவுதான். உண்மையில் கதவு சாத்தப்படுவது எக்ஸாம் ஃபார்ம் நிரப்பும்போது. அதற்கு முன்னால் கல்லூரி மனது வைத்தால் திருத்தலாம், அதற்குப் பின்னால் கல்லூரி மனது வைத்தாலும் பல்கலைக்கழகம் வரை ஓட வேண்டும்.

அதற்காக அக்டோபர் வரை யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. டுடோரியல் உள்ள 4 கிரெடிட் பேப்பருக்கு மொத்தம் 160 மதிப்பெண், அதில் செமஸ்டர் தேர்வுக்கு 90தான். 30 உள்மதிப்பீடு, 40 டுடோரியலில் தொடர்ந்து செய்யும் வேலைக்கு. அந்த 30-லும் 12 டெஸ்ட்டுக்கு, 12 அசைன்மென்ட்டுக்கு, 6 வருகைப் பதிவுக்கு. அதாவது தேர்வு ஹாலுக்குள் நுழைவதற்கு முன்பே 70 மதிப்பெண் வகுப்பறையில் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்தாவது வாரம் மாறினால் முதல் டெஸ்ட் போயிருக்கும், மூன்றில் இரண்டு பங்கு வருகை வேண்டும் என்ற விதிக்கும் பயந்துகொண்டே இருக்க வேண்டும். என் கணக்கில் வகுப்பு தொடங்கி மூன்று வாரத்துக்குள் என்றால் தாராளமாக முயற்சி செய்யலாம், ஆறு வாரம் தாண்டிவிட்டால் மாற்றாமல் இருப்பதே மேல், ஹிந்தி விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு, அதற்கு வருகிறேன்.

சரி, வழிமுறை. எல்லாரும் செய்யும் தப்பு நேராக ஆபீஸுக்குப் போவது. ஆபீஸில் இருப்பவர் 'டீலிங் அசிஸ்டன்ட்', அவரிடம் அதிகாரம் எதுவும் இல்லை, மேலே கையெழுத்து வந்தால் கம்ப்யூட்டரில் ஏற்றுவார், இல்லையென்றால் "கல் ஆனா" என்பார். நாளைக்கு வா என்று அர்த்தம், ஆனால் ஹிந்தியில் நேற்றும் 'கல்'தான் நாளையும் 'கல்'தான். அந்த நாளை எந்த நாளை என்று கேட்காதீர்கள், எனக்கு அது பதினோரு நாள் இழுத்தது.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது எந்தப் பேப்பருக்குப் போக விரும்புகிறீர்களோ அந்தப் பேப்பரை எடுக்கும் ஆசிரியரை. இடம் இருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது பிடியுங்கள், ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸ் திறந்திருக்கும் நேரம் வேண்டாம். ஆங்கிலத்தில் பேசினால் போதும், ஆசிரியர்களிடம் ஹிந்தி தெரியாதது ஒரு குறையே இல்லை. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "உங்கள் வகுப்பில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறதா, டிஐசி சம்மதித்தால் நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா?" உங்கள் சோகக் கதையை அங்கே சொல்ல வேண்டாம். கம்ப்யூட்டர் லேப் மாதிரி இருக்கை எண்ணிக்கை கறாராக உள்ள பேப்பர் என்றால் அவர் நல்லவராகவே இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, நாற்காலி இல்லை என்றால் இல்லை. வெறும் லெக்சர் பேப்பர் என்றால் அநேகமாகத் தலையாட்டுவார்.

இடமே இல்லை என்று சொன்னால் ஒரு வழி இருக்கிறது, எனக்குத் தெரிந்து பலமுறை வேலை செய்த வழி. அந்தப் பேப்பரிலிருந்து வெளியே வர விரும்பும் ஒருவரைக் கண்டுபிடித்து இருவரும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கொடுப்பது. இரண்டு வகுப்பிலும் எண்ணிக்கை மாறாது, அதனால் மறுப்பதற்குக் காரணமே இல்லாமல் போகும். போன வருடம் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி, பி.எஸ்சி., செவ்வாய்க்கிழமை லேபும் ஜிஇ டுடோரியலும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டது. வகுப்பு வாட்ஸாப் குழுவில் கேட்டாள், யாரும் பதில் போடவில்லை. நேரில் போய் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டாள், பத்தாவது ஆளாக ஒரு ஹரியானாப் பையன் கிடைத்தான், அவனுக்குக் காலை 8.30 வகுப்புக்கு சோனிபத்திலிருந்து ரயில் பிடித்து வர முடியவில்லை, இவளுடைய மத்தியான வகுப்பு அவனுக்கு வரப்பிரசாதம். திங்கட்கிழமை கேட்டது, வியாழக்கிழமை முடிந்தது.

ஆசிரியர் சரி என்ற பிறகு விண்ணப்பம். ஒரு பக்கம் தாண்டக் கூடாது, ஆங்கிலத்தில், முதல்வருக்கு, 'டிஐசி மூலமாக' என்று மேலே போட்டு. பெயர், கல்லூரி ரோல் நம்பர், படிப்பு, செமஸ்டர். இப்போது ஒதுக்கப்பட்டிருக்கும் பேப்பரின் முழுப் பெயர், அதன் யுபிசி, அதாவது ஒவ்வொரு பேப்பருக்கும் தனியாக இருக்கும் பத்து இலக்க எண். வேண்டிய பேப்பரின் முழுப் பெயர், அதன் யுபிசி. காரணம் இரண்டு வரி. "இந்தப் பேப்பரை எடுக்கும் ஆசிரியர் இடம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்" என்று ஒரு வரி, அவருடைய சம்மதக் கையெழுத்தைப் பக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். "இதுவரையிலான வருகைப் பதிவைப் புதிய பேப்பருக்குக் கணக்கில் எடுக்கவோ, சேர்ந்த தேதியிலிருந்து மட்டும் கணக்கிடவோ வேண்டுகிறேன்" என்று இன்னொரு வரி. இந்தக் கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை, அப்புறம் நவம்பரில் வருகை குறைவுப் பட்டியலில் பெயரைப் பார்த்து அலறுவார்கள். கோரிக்கை நிறைவேறும் என்று உத்தரவாதம் கிடையாது, ஆனால் கேட்டது எழுத்தில் இருக்க வேண்டும்.

காரணம் என்று எழுதும்போது எது எடுபடும், எது எடுபடாது என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வகுப்பு ஒரே நேரத்தில் மோதுவது, அதற்கு மேல் காரணமே தேவையில்லை, டைம்டேபிள் பிரிண்ட் அவுட்டில் இரண்டு கட்டத்தையும் வட்டம் போட்டு இணைத்தால் போதும். நீங்கள் கேட்டது ஒன்று, ஒதுக்கப்பட்டது வேறு என்றால் போர்ட்டலில் நீங்கள் விருப்பம் கொடுத்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். அந்தப் பாடத்துக்குத் தேவையான அடிப்படையைப் பள்ளியில் படிக்கவில்லை என்றால் 12-ம் வகுப்பு மார்க்‌ஷீட். உடல்நிலை என்றால் உண்மையான மருத்துவச் சான்று, உண்மையான என்பதை அழுத்திச் சொல்கிறேன், காசு கொடுத்து வாங்கிய சீட்டை எல்லாம் அங்கே முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். "நண்பர்கள் எல்லாரும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள்", "அந்த சார் மார்க் நன்றாகப் போடுவாராம்", "மயூர் விஹாரிலிருந்து காலையில் வர முடியவில்லை" இதெல்லாம் எடுபடாது. கடைசிக் காரணத்தில் எனக்கே அனுதாபம் உண்டு, ஜனவரிப் பனியில் காலை ஏழு மணிக்கு மெட்ரோவுக்கு நடப்பது என்னவென்று தெரியும், ஆனாலும் எடுபடாது.

இப்போது ஹிந்தி. தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். ஏஇசியில் மொழிப் பாடம் வரும்போது கல்லூரியில் எந்த மொழிக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் நடக்கும், பல கல்லூரிகளில் அது ஹிந்தியும் சமஸ்கிருதமும். ஹிந்திக்கு மூன்று நிலை வைத்திருக்கிறார்கள், பள்ளியில் 12 வரை படித்தவர்கள், 10 வரை, 8 வரை என்று. ஒரு வகுப்பு கூடப் படிக்காத ஆள் அந்த மூன்றிலும் பொருந்த மாட்டான் என்பது அங்கே இருக்கும் பலருக்கு உறைப்பதே இல்லை, இந்தியாவில் அப்படி ஒருவன் இருப்பான் என்று அவர்கள் யோசித்ததில்லை. கோபப்பட வேண்டாம். "பள்ளியில் ஹிந்தி ஒரு பாடமாக இருந்ததே இல்லை" என்று எழுதி 10-ம் வகுப்பு மார்க்‌ஷீட்டை இணையுங்கள். எந்த வாரமாக இருந்தாலும் இதை எழுதுங்கள், இது விருப்பத்தைப் பற்றிய பேச்சே கிடையாது, தகுதி பற்றியது. தமிழ் கேட்கலாமா என்றால் கேட்கலாம், பல்கலைக்கழகத்தின் நவீன இந்திய மொழிகள் துறையில் தமிழ் இருக்கிறது, ஆனால் உங்கள் கல்லூரியில் அதை எடுக்க ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த செமஸ்டரில் சுற்றுச்சூழல் பாடத்தை எடுத்துக்கொண்டு மொழியை அடுத்ததற்குத் தள்ள முடியுமா என்று கேளுங்கள், எங்கள் கல்லூரியில் அப்படி நடந்திருக்கிறது.

விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பட்டேல் செஸ்ட் பக்கம் ஜெராக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன, எதற்குள் நுழைந்தாலும் வேலை முடியும். கையெழுத்து வாங்கும் வரிசை: புதிய பேப்பரின் ஆசிரியர், அந்தத் துறை டிஐசி, உங்கள் துறை டிஐசி, பிறகு முதல்வர் அலுவலகம். ஒவ்வொரு டிஐசியும் 'ஃபார்வர்டட்' என்று எழுதித் தேதி போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு நகருங்கள், வெறும் கிறுக்கலை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் ஆபீஸில் "சைன் கரா கே லாவோ", கையெழுத்து வாங்கிட்டு வா, என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

டெல்லியில் இதற்கு அடுத்த கட்டம்தான் முக்கியம், அதற்குப் பெயர் 'ரிசீவிங்'. மூலத்தைக் கொடுத்துவிட்டு இரண்டாவது பிரதியில் ஆபீஸ் முத்திரை, டைரி நம்பர் என்கிற பதிவேட்டு எண், தேதி, சின்னக் கையெழுத்து நான்கும் வாங்க வேண்டும். "பையா, ரிசீவிங் தே தீஜியே" என்று கேளுங்கள், ஹிந்தியில் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் டெல்லியில் பாதி ஆபீஸைச் சமாளிக்கலாம். "தேவையில்லை, வெச்சிட்டுப் போ" என்பார்கள். சிரித்துக்கொண்டே நில்லுங்கள். ஊதா மையில் அந்த முத்திரை விழுகிற வரைக்கும் அந்த ஜன்னலை விட்டு நகரக் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் கதை. எனக்கு வரலாறு ஆனர்ஸ், ஜிஇயாக சமஸ்கிருதத் துறையின் பேப்பர் ஒன்று விழுந்தது, நான் கேட்டது அரசியல் அறிவியல். அரசியல் அறிவியல் மேடத்திடம் போய்ச் சொன்னேன், நல்ல மனுஷி, "உட்கார், பார்த்துக்கலாம்" என்றார். உட்கார்ந்தேன். செமஸ்டர் முழுக்க உட்கார்ந்தேன். டெஸ்ட் எழுதினேன், பிரசன்டேஷன் கொடுத்தேன், அவர் நோட்டில் என் பெயரைப் பேனாவால் கடைசியில் சேர்த்திருந்தார், அதைப் பார்த்து எல்லாம் நடந்துவிட்டது என்று நம்பினேன். ஆபீஸில் விண்ணப்பமும் கொடுத்திருந்தேன்தான், ஆனால் ரிசீவிங் வாங்கவில்லை, பதினோரு நாள் 'கல்' கேட்டு அலுத்துப்போய் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். எக்ஸாம் ஃபார்ம் வந்தபோது பணம் கட்டும் அவசரத்தில் பேப்பர் பெயர்களைப் படிக்கவே இல்லை. அட்மிட் கார்டு வந்தது. நான்காவது வரியில் சமஸ்கிருதம்.

தேர்வுக்கு ஆறு நாள். விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். என்னிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மேடம்தான் காப்பாற்றினார், வருகைப் பதிவும் டெஸ்ட் மதிப்பெண்ணும் போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், அதை வைத்து முதல்வர் இன்னொரு கடிதம் கொடுத்தார், அதை எடுத்துக்கொண்டு வடக்கு வளாகத்தில் தேர்வுக் கிளைக்கும் கல்லூரிக்கும் நான்கு தடவை. ஊருக்குச் சொல்லவில்லை. ஆர்.கே.புரத்தில் சித்தி வீட்டில்தான் இருந்தேன், சித்தி மலை மந்திர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள், அவளுக்குத் திருத்தம் நடந்தது முருகனால்தான். தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் புது அட்மிட் கார்டு கைக்கு வந்தது. ஆகவே ஆசிரியர் "உட்கார்" என்றால் தாராளமாக உட்காருங்கள், ஒரு வகுப்பைக் கூட விட வேண்டாம், ஆனால் காகிதம் நகரும் வரை பழைய வகுப்புக்கும் போய்க்கொண்டிருங்கள். இரண்டு இடத்தில் போவது எரிச்சலான வேலைதான், வேறு வழி இல்லை.

காகிதம் முதல்வரிடமிருந்து திரும்பியதும் வேலை முடிந்துவிடாது. சமர்த் என்கிற மாணவர் போர்ட்டலில் உங்கள் கணக்கில் பேப்பர் மாறியிருக்கிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் மாறவில்லை என்றால் டைரி நம்பரைக் குறிப்பிட்டுக் கல்லூரி மின்னஞ்சலுக்கு எழுதுங்கள், டிஐசிக்கும் நகல் போடுங்கள், ரிசீவிங்கின் படத்தை இணையுங்கள். மின்னஞ்சலில் மரியாதை குறையக் கூடாது. சில பேர் இந்தக் கட்டத்தில் ஆர்டிஐ போடுவேன் என்று கிளம்புவார்கள். 10 ரூபாய்தான், போடலாம், ஆனால் சட்டப்படி பதில் சொல்ல 30 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் உங்கள் செமஸ்டரில் கால்வாசி ஓடியிருக்கும், டிஐசியின் முகமும் மாறியிருக்கும். எக்ஸாம் ஃபார்ம் திறந்ததும் ஒவ்வொரு யுபிசியையும் விரலை வைத்து எண்ணுங்கள், ஒரே பெயரில் இரண்டு துறை பேப்பர் நடத்துவது உண்டு, பெயர் சரியாக இருந்து எண் தப்பாக இருந்தால் அதுவும் தப்புதான்.

ஜேஎன்யூவில் படிப்பவர்களுக்கு இதே அலைச்சல் உங்கள் சென்டருக்குள்ளேயே முடியும், பார்க்க வேண்டியது சென்டர் தலைவரை. ஐஐடி டெல்லியில் செமஸ்டர் தொடக்கத்தில் சேர்க்கவும் விடவும் சில நாள் தருவார்கள், அது போனால் பாடத்திலிருந்து விலகும் வாய்ப்பு உண்டு, கிரேடு அட்டையில் 'டபிள்யூ' என்று நிற்கும்.

எல்லாம் செய்தும் மறுத்துவிட்டார்கள் என்றால்? நான்கு வருடத்துக்கு மொத்தம் 176 கிரெடிட், அதில் உங்களுக்குப் பிடிக்காத ஜிஇ 4. பட்டத்தோடு இன்னொரு துறையில் மைனர், அதாவது துணைப் பாடத் தகுதி, வாங்க வேண்டும் என்ற கணக்கில் இருப்பவர்களுக்கு ஒரே துறையில் ஏழு ஜிஇ, 28 கிரெடிட் தேவை, அதைக் காட்டித்தான் பல பேர் பதறுகிறார்கள். ஆனால் எட்டு செமஸ்டரில் ஏழுக்கு மேலேயே ஜிஇ எடுக்க இடம் இருக்கிறது, ஒன்று தவறினால் மைனர் போய்விடாது, பிற்பாடு ஏழாவது எட்டாவது செமஸ்டரில் ஈடுகட்டலாம். அதனால் மறுப்பு வந்த அன்றே பழைய வகுப்பில் முன் பெஞ்சுக்குப் போய்விடுங்கள், விட்ட அசைன்மென்ட்டுக்குத் தேதி கேளுங்கள். அப்புறம் கல்லூரி வலைத்தளத்தில் நோட்டீஸ் பக்கத்தை டிசம்பரிலிருந்து தினமும் ஒரு தடவை திறந்து பாருங்கள், இரண்டாவது செமஸ்டருக்குப் பேப்பர் தேர்ந்தெடுக்கும் நோட்டீஸ் குளிர்கால விடுமுறையில், நீங்கள் ஊருக்குப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சிக்னல் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் வரும்.